வால்டர் ஹென்ஸ்லிக்கு இரங்கல் கூட்டம்

— யாருண்ணே அந்தக் கிழவன்?

— எந்தக் கிழவன் தங்கச்சி? மொதல்ல உக்காரு. ராஜபாளையத்துல இருந்து நின்னுக்கிட்டே வந்தியா? மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கிடக்கு.

— என் மூஞ்சிய விடுங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க ஒரு ஃபிளெக்ஸு கட்டியிருக்கே, 'கண்ணீர் அஞ்சலி'ன்னு. அதுல தொப்பி போட்டுக்கிட்டுச் சிரிக்கானே, அவன் யாருன்னு கேக்கேன்.

— வால்டர் ஹென்ஸ்லிம்மா. அமெரிக்க துப்பறியும் நாவலாசிரியர்.

— அசன் அண்ணே, எங்கிட்டயேவா?

— சத்தம் போடாத. பிரஸ்ஸுக்கு உள்ள பைண்டிங் பொம்பளைங்க இருக்காங்க. வாசகர் வட்டத்துப் பயலுவ நெட்டுல தேடி எடுத்திருக்காங்க. யாரோ மாட்டுப் பண்ணைக்காரராம். லட்சணமான மனுசன்தான்.

— அவன் உசிரோட இருக்கானா?

— யாரு கண்டா? இருந்தாலும் இந்த பஸ் ஸ்டாண்டுக்கா வந்து பாக்கப் போறான்?

— தோற்றம், மறைவுன்னு தேதி வேற போட்டிருக்கு. தோற்றம் எங்க இருந்து வந்துச்சு?

— அது… அவசரமாக் கேட்டானுவ. என் பொறந்த தேதியச் சொல்லிட்டேன்.

— நல்லாருக்குண்ணே. ரொம்ப நல்லாருக்கு. எவனோ ஒரு பண்ணைக்காரன் மூஞ்சி, உங்க பொறந்த தேதி, என் எழுத்து. மூணையும் சேத்து ஒரு மனுசனச் செஞ்சு, அவனுக்கு மாலையும் போட்டாச்சு.

— கொன்னது யாரு? நானா கொன்னேன்? போன மாசப் புத்தகத்துல, முன்னுரையில, ஒரே வரி. 'திரு. வால்டர் ஹென்ஸ்லி ஒஹாயோவிலுள்ள தமது இல்லத்தில் காலமானார்.' எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அடிச்சு, மடிச்சு, தச்சு, கடைக்கும் போன பொறவு என் மவன் நவாஸ் வந்து 'வாப்பா, நம்ம வால்டர் மௌத்தாயிட்டாராமே'ங்கான். எனக்குக் கை கால் ஓடல.

— அவன உண்டாக்குனது நான். கொன்னதும் நான். அதுக்கு உங்ககிட்ட எதுக்கு அனுமதி கேக்கணும்?

— இத்தன வருசம் நம்ம ரெண்டு வீட்டுலயும் உலை வச்ச மனுசன் தங்கச்சி. ஒரு காய்ச்சல், ஒரு ஆஸ்பத்திரின்னு கொஞ்சம் இழுத்திருக்கலாம்ல. ஆறு புத்தகம் ஓடியிருக்கும்.

— இழுத்தா சாக மாட்டான், எனக்குத் தெரியும். நீங்க ஆபரேசன் பண்ணிப் பொழைக்க வச்சிருவீக.

— சரி, இந்த வெள்ளைக்காரன் யோசனை யாருக்கு வந்துச்சு, எதுக்கு வந்துச்சு, அத நெனைச்சுப் பாரு. மொதப் புத்தகத்துல உன் பேருதான் போட்டேன். 'அனுசியா சிவபாண்டி'ன்னு கொட்டை எழுத்துல. நீ என்ன செஞ்ச? கொலைகாரனுக்குச் சோணைமுத்துன்னு பேரு வச்ச.

— ஒரு பேருதான வச்சேன்?

— சோணைசாமியக் கும்புடுற வீடு இந்தப் பக்கம் எம்புட்டு இருக்கு! வீட்டுக்கு ஒரு சோணைமுத்து. 'எங்க சாமி பேர வச்சவன் கொலை பண்ணுவானா'ன்னு லோடு வேன் ஏறி வந்தானுவளே.

— அதுல ஒருத்தர் எங்க வீட்டுக்காரரோட சொந்தப் பெரியப்பா. மறக்க முடியுமா? கோயில்ல பொங்க வச்சு, அம்புட்டு சனத்துக்கும் முன்னால விழுந்து கும்பிட்டேன்.

— சரி, இனிமேலாவது நீ பாத்து வைப்பன்னு நெனைச்சேன். அடுத்த புத்தகத்துல கருப்பையான்னு வச்ச.

— நல்ல பேரு அண்ணே. வாயில வந்துச்சு.

— அதுக்கு ரெண்டு வேன் வந்துச்சு. நம்ம பக்கத்துல எந்தப் பேரத் தொட்டாலும் பின்னால ஒரு சாமி நிக்கி. அப்பத்தான் சொன்னேன், அமெரிக்காக்காரன் எழுதுனதாப் போட்டுருவோம், நீ தமிழ்ல மாத்துனதா இருக்கட்டும்னு. ஜான்னு கூட வைக்காத, சர்ச்சுத் தெருக்காரங்க வருத்தப்படுவாங்க, வில்லியம், எட்வர்டுன்னு வைன்னு சொன்னேன். ஒரு பய வந்தானா?

— ஒருத்தரும் வரல. எங்கிட்ட வேற எதுக்கோ வந்தாளுவ. தெருவுல எவ வீட்டுல ஃபிரிட்ஜ் வாங்குனாலும் அந்த இங்கிலீசுப் புத்தகம் எங்கிட்டதான் வருது. 'அக்கா, நீங்கதான் மாத்துவீகளே.' எனக்கு இங்கிலீசு டைப் அடிக்கத்தாண்ணே தெரியும். வாசிச்சா பாதி புரியாது. 'பச்சை லைட்டு எரிஞ்சா நல்லது, செவப்பு எரிஞ்சா ஆளக் கூப்பிடு'ன்னு எல்லாத்துக்கும் ஒரே மாதிரி சொல்லி அனுப்புதேன்.

— உனக்கு மதுரையில விருது குடுத்தாங்களா இல்லையா?

— குடுத்தாங்க. சிறந்த மொழிபெயர்ப்பாளர். சால்வையப் போர்த்திட்டு ஒரு பேராசிரியர் பேசுதாரு, 'மூலத்தில் இருக்கும் ஆழம் தமிழில் வரவில்லை'ன்னு. எந்த மூலத்தண்ணே வாசிச்சாரு? எங்க வாங்கி வாசிச்சாரு? எந்திரிச்சுக் கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

— அவரு பொறவு எனக்கு ஃபோன் போட்டாரு. மூலப் பிரதி ஒண்ணு கிடைக்குமான்னு.

— சிரிக்காதீக. எங்க வீட்டுக்காரர் மில்லுக்குப் போனா கேட்டுலயே நிறுத்தித் துக்கம் விசாரிக்காங்களாம். 'உங்க வீட்டு வெள்ளைக்காரரு போயிட்டாராமே'ன்னு. இவரும் 'ஆமா, வயசாயிருச்சு, நல்ல சாவுதான்'னு சொல்லிட்டு வாராரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வீட்டுல எதையாவது போட்டு ஒடைக்கலாமான்னு இருந்துச்சு.

— சரி, ஆத்திரத்த விடு. இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கூட்டம். உன் தலைப்பு 'வால்டர் ஹென்ஸ்லி: வாழ்வும் நோக்கும்'. வாழ்வு பத்தி என்ன சொல்லப் போற?

— எந்த வாழ்வ? ஒரு புத்தகத்துல ரயில்வேக்காரர் மகன்னு எழுதுனேன். இன்னொண்ணுல அநாதைன்னு எழுதுனேன். கல்யாணம் மூணுன்னு ஒரு முன்னுரை, பிரம்மச்சாரின்னு ஒரு முன்னுரை.

— அதையெல்லாம் கோத்துச் சொல்லு. சின்ன வயசுல அநாதை, ரயில்வேக்காரர் எடுத்து வளத்தாரு. மூணு கல்யாணமும் நிலைக்கல, கடைசிக் காலத்துல பிரம்மச்சாரி. அழகா உக்காருது பாத்தியா?

— நீங்களே எழுதியிருக்கலாம்ணே.

— நோக்கு என்னன்னு கேட்டா?

— அவனுக்கு ஏது நோக்கு? எனக்குத்தான் இருக்கு. கோர்ட்டுக்கு எதுக்க டைப்பிங் சென்டர்ல உக்காந்து கொலைக் கேசு பேப்பரா அடிச்சப்போ வந்தது. கொலைகாரன் வேற எங்க இருந்தோ வாரவன் இல்லண்ணே. கூட உக்காந்து தின்னவன்தான். கொன்னுட்டு வீட்டுக்கு வந்த பொறவும் அவனுக்குப் பசிக்குது. ஒருத்தி சோறு போடணும். போலீசு அவன்கிட்ட கேக்கும், வக்கீலு கேப்பாரு, ஜட்ஜு கேப்பாரு. சோறு போட்டவகிட்ட 'ஏட்டி, உனக்கு எப்படி இருக்கு'ன்னு ஒரு ஆளு கேக்காது. நான் அவளுக்காகத்தான் எழுதுதேன். மத்த கொலை, துப்பு, துப்பாக்கி எல்லாம் பஸ்ஸுல வாசிக்கிறவங்களுக்கு.

— யப்பா! இதையே மேடையில சொல்லு தங்கச்சி. முன்னால 'வால்டர் அடிக்கடி சொல்வார்'னு மட்டும் சேத்துக்கோ.

— பாத்தீகளா, பாத்தீகளா! அத்தனையும் சொல்லி முடிச்சதும் அவன் பேர ஒட்டுதீக.

— ஊரு அவரத்தானே தெரிஞ்சு வச்சிருக்கு. கேளு, இன்னொண்ணும் யோசிச்சு வச்சிருக்கேன். செத்துப் போன எழுத்தாளர் மேசையில எப்பவும் ரெண்டு மூணு நாவல் கிடக்கும். 'இறுதிப் படைப்பு'ன்னு போட்டு…

— கிடக்காது. அவன் மேசையச் செஞ்சதும் நான்தான். அதுல ஒண்ணும் கிடையாது. நான் குடுத்திருக்கேன்ல, 'மடை திறந்தவள்', அது எம்பேர்லதான் வரணும். அமெரிக்கா இல்ல, பனி இல்ல. நம்ம ஊரு வயலு, நம்ம ஊரு கோர்ட்டு, நம்ம ஆளுக.

— கொலைகாரனுக்கு என்ன பேரு வச்சிருக்க?

— எதையாவது வைப்பேன். வேன் வந்தா வரட்டும். எனக்கு வயசு அம்பத்தாறு ஆகுது. இன்னும் எத்தன நாளு அந்தத் தொப்பிக்காரனுக்குப் பின்னால நிக்கணும்? ஒரே ஒரு தடவ, ஒரே ஒரு ஆளு எம்பேரச் சொல்லி 'நீங்க எழுதுனது நல்லாருந்துச்சு'ன்னு சொல்லணும். நான் செத்தா எனக்கு எவன் ஃபிளெக்ஸு வைப்பான்?

— நீ ஏன் சாவுற பேச்சப் பேசுற? சரி. சரிம்மா. உன் பேர்லயே போடுறேன். அடுத்த மாசம். நட்டமானா எந்தலைக்கு.

— நெசமாவா?

— வாக்கு வாக்குதான். ஆனா இன்னைக்குக் கூட்டத்துல இதப் பத்தி வாயத் தொறக்காத. நல்லபடியா அவர அனுப்பி வச்சிருவோம்.

— மாட்டேன். இன்னைக்கே சொல்லப் போறேன். மைக்கப் பிடிச்சதும் மொத வார்த்தையா, 'வால்டர் ஹென்ஸ்லின்னு ஒருத்தர் இல்ல, நான்தான்'னு. அதுக்குத்தான் இந்தப் பட்டுச் சேலையக் கட்டிட்டு வந்திருக்கேன்.

— உன்னையப் பொய்க்காரின்னுவாங்க. என்னையத் திருட்டுப்பயன்னுவாங்க. அந்தா, வாசகர் வட்டத் தலைவரே வந்துட்டாரு. பேசாம இரு தங்கச்சி. வாங்க ஜெயபாண்டி, செட்டியார்பட்டியில இருந்தா? தறிய நிறுத்திட்டு வந்தாச்சா?

— இன்னைக்குத் தறி ஓட்டல பாய். வணக்கம் மேடம். உங்களக் கையோட கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். மண்டபம் நெறைஞ்சிருச்சு. வாசல்ல ஆட்டோ நிக்கி.

— வணக்கம் தம்பி. கெளம்புறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க கோவப்படலாம், கூட்டத்த நிறுத்தலாம். வால்டர் ஹென்ஸ்லின்னு…

— தங்கச்சி!

— விடுங்கண்ணே. தம்பி, அப்படி ஒரு ஆளே கிடையாது. அம்புட்டும் நான் எழுதுனது.

— தெரியும் மேடம்.

— என்ன தெரியும்?

— நீங்கதான்னு தெரியும். எங்க வட்டத்துல எல்லாருக்குமே தெரியும்.

— அசன் அண்ணே, நீங்க சொன்னீகளா?

— அல்லா மேல ஆணையா நான் வாயத் தொறக்கல.

— யாரும் சொல்ல வேண்டாம் மேடம், வாசிச்சாலே தெரியுதே. அவரு ஊர்ல போலீசு அதிகாரி விசாரணைக்கு வந்தா வாசல்ல பூட்ஸக் கழட்டிட்டு உள்ள வாராரு. எழவு வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல இருந்து சோறு ஆக்கிக் கொண்டாராங்க. ராகு காலத்துக்கு முன்ன பிணத்த எடுக்கணும்னு எட்வர்டோட அத்தை கெடந்து அடிச்சுக்கிடுதா. மொதல்ல விழுந்து விழுந்து சிரிச்சோம். பொறவு பெருமையாப் போச்சு. அட, நம்ம பக்கத்து அம்மா எழுதுறாங்கன்னு.

— பெருமையா? பின்ன ஏன் தம்பி ஒரு ஆளு கூட எங்கிட்ட வந்து சொல்லல? நான் எத்தன வருசமா…

— நீங்க மறைச்சு வச்சிருக்கீக. அதுக்கு நாங்க மரியாதை குடுக்கணும்ல. அதுவும் போக, அமெரிக்கான்னு போட்டிருக்கதால எல்லாரும் நிம்மதியா வாசிச்சோம் மேடம். நம்ம சண்டையத்தான் எழுதியிருக்கீகன்னு தெரிஞ்சாலும், வில்லியம்னு பேரு இருந்தா யாருக்கும் ரோசம் வராது.

— இப்ப நான் மேடையில சொன்னா என்ன ஆகும்? உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

— கை தட்டுவாங்க மேடம். எந்திரிச்சு நின்னு தட்டுவாங்க.

— கேட்டீகளாண்ணே? கேட்டீகளா? பொய்க்காரின்னுவாங்கன்னு சொன்னீகளே!

— ஒரே ஒரு ஆளுதான் தட்ட மாட்டா.

— யாரு தம்பி?

— தப்பா எடுத்துக்கிடாதீக. 'வடக்கு வாய்க்கால்'னு ஒரு நாவல் எழுதுனீகளே.

— ஆமா. தண்ணி முறைத் தகராறுல வில்லியம் தன் தம்பி எட்வர்ட மம்பட்டியால அடிச்சுக் கொன்னுருவான்.

— கொன்னுட்டு வீட்டுக்கு வந்து கையக் கழுவிட்டுத் தட்டப் போடுன்னுவாரு. அவரு சம்சாரம் மார்கரெட் ஒண்ணும் கேக்காமச் சோறு போடுவா. சூப்பு ஊத்தும்போது தட்டுக்கு வெளிய ஊத்திரும். நீங்க சூப்புன்னு எழுதியிருந்தீக. அது ரசம் மேடம்.

— உங்களுக்கு எப்படித் தம்பி…

— நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். தூங்குற மாதிரி. எங்க சொந்த ஊரு வ. புதுப்பட்டி. வீரணன் கேசு. அந்தப் பேப்பரு உங்க கைக்கு வந்திருக்கும்.

— வீரணன்… செத்துப்போன தம்பி பேரு சங்கிலிப்பாண்டி.

— எங்க சித்தப்பா.

— நீங்க வீரணன் மகனா?

— ஆமா மேடம்.

— ஐயோ, தம்பி. அந்த வாக்குமூலத்த நான்தான் அடிச்சேன். அடிச்சிட்டு அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. எழுதாம இருக்க முடியல. உங்க வீட்டுல கேக்கணும்னு எனக்குத் தோணலயே.

— நான் சண்டைக்கு வரல. எங்கம்மா வெள்ளைத்தாயப் பத்திச் சொல்ல வந்தேன். அப்பா ஜெயிலுக்குப் போயி அங்கயே செத்துட்டாரு. அதுல இருந்து ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்துக்கு எங்கம்மாவ யாரும் கூப்பிட்டதில்ல. கொலைகாரன் பொண்டாட்டி. அவளும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசினதில்ல, எங்கிட்டயும்தான். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு நாளு சும்மா இருக்காளேன்னு இந்த நாவல வாசிச்சுக் காட்டினேன். அது எங்க வீடுன்னு எனக்கே பாதி வாசிச்ச பொறவுதான் ஒறைச்சது. நிறுத்தப் பாத்தேன். வாசின்னுட்டா.

— அவுக கதைதான்னு தெரிஞ்சுக்கிட்டாகளா?

— இல்ல மேடம். மார்கரெட் சோறு போடுற எடம் வந்ததும் என் கையப் பிடிச்சுக்கிட்டா. 'அங்கயும் ஒருத்தி இருக்காளாடா'ன்னு கேட்டா. எங்கம்மா அழுது நான் அன்னைக்குத்தான் பாத்தேன். அப்பா செத்தப்போ கூட அழல.

— யா அல்லா.

— வால்டர் தாம் பழகின மனிதர்களை மட்டுமே எழுதுவார்னு முன்னுரையில போட்டிருந்தீக. அதையும் வாசிச்சுக் காட்டியிருந்தேன். அதுல இருந்து மாசா மாசம் புத்தகம் வந்ததும் மொதக் கேள்வி, மார்கரெட்டப் பத்தி ஏதாவது போட்டிருக்கான்னுதான். மழை பெஞ்சா 'அவ ஊர்ல பனி கொட்டுமே, தனியா எப்படி இருப்பா'ம்பா. யாரோடயும் பேசாத பொம்பள மேடம். பேசுறதுக்குன்னு அவளுக்கு இருக்கிறது அந்த ஒருத்திதான்.

— இத எதுக்குத் தம்பி இப்பச் சொல்லுதீக? இத்தன நாளு சும்மா இருந்துட்டு, நான் மேடையேறப் போற நேரத்துல!

— சொல்லாதீகன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. உங்க எழுத்து, உங்க பேரு. ஆனா நீங்கதான் எழுதுனீக, கோர்ட்டுப் பேப்பரப் பாத்து எழுதுனீகன்னு மண்டபத்துல சொன்னா, அமெரிக்காவுல மார்கரெட்டே இல்லைன்னு ஆயிரும். முன்வரிசையில உக்காந்து அத எங்கம்மா கேப்பா. ஒரு கூட்டம்னு அவ வெளிய வந்ததே இன்னைக்குத்தான் மேடம்.

— அசன் அண்ணே, ஊரே கை தட்டும்ங்காரு. நான் எம்புட்டு ஆசையா வந்தேன் தெரியுமா? இத யார்கிட்டப் போயிச் சொல்லி அழ?

— செத்த நேரம் உக்காரு தங்கச்சி. தண்ணியக் குடி.

— அம்மா ஆட்டோவுலதான் இருந்தா மேடம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தா. அந்தா, எறங்கி வாரா. வாம்மா. இவுகதான் அனுசியாம்மா.

— நீங்கதானா தாயி, அந்த மனுசரோட எழுத்தத் தமிழ்ல சொல்லுறவுக? நல்ல மனுசரு, போயிட்டாரு. நான் ஒண்ணும் பெருசாக் கேக்க வரல. அந்தப் புள்ள மார்கரெட்டு… அவள இனி யாரு தாயி பாத்துக்கிடுவா? இப்ப எப்படி இருக்கா?

— நல்லாருக்கா அக்கா. உங்கள ரொம்ப விசாரிச்சதாச் சொல்லச் சொன்னா.